வெண்கலக் கிண்ணம் கரையேறிய நாள்

மோரேடோ தீவில், பனி கொட்டும்போதும் கதவைத் திறந்துபோட்டுச் சாப்பிடுகிற வீடு ஒன்றே ஒன்றுதான். அது போங்னிம் வீடு. கடலைப் பார்த்த கதவு. அந்திச் சாப்பாட்டு நேரத்துக்கு அது திறக்கும், பாத்திரம் கழுவி முடித்த பிறகுதான் மூடும். "போங்னிம் வீட்டு அடுப்புல கடல்தான் குளிர் காயுது" என்று ஊரில் கேலி செய்வார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவள் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டாள்.

கேலி செய்தவர்களுக்கும் காரணம் தெரியும். முப்பது வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் ஹக்சு நண்டு வலை எடுக்கப் போனான். திரும்புகையில் காக்கைப் பாறைப் பக்கம் நீரோட்டம் படகை இழுத்து அறைந்தது. பலகைகள் கரை ஒதுங்கின. ஒரு ரப்பர் செருப்பு ஒதுங்கியது. ஆள் ஒதுங்கவில்லை. கல்யாணமாகி இரண்டு குளிர்காலம்தான் ஆகியிருந்தது. பிள்ளையும் இல்லை.

உடல் கிடைக்காவிட்டால் உயிரையாவது கூட்டி வர வேண்டும். அதற்கு ஒரு முறை உண்டு. இறந்தவன் தினம் சாப்பிட்ட கிண்ணத்தில் அரிசி நிரப்பி, மூடி போட்டு, வெள்ளைத் துணியில் முடிந்து, நீளத் துணிக்கயிற்றில் கட்டி அவன் முழுகின இடத்தில் இறக்குவார்கள். பூசாரியம்மா மேளம் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். பிறகு கிண்ணத்தை மேலே இழுத்து, மூடியைத் தொடாமல் அவன் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய், அங்கே வைத்துத்தான் திறக்க வேண்டும். அரிசியில் ஒரு மயிரிழை இருந்தால் அவன் வந்துவிட்டான் என்று அர்த்தம். தண்ணீர் மேலேயே திறந்தால் வந்தவன் பழையபடி இறங்கிவிடுவான்.

ஹக்சுவுக்கும் அப்படி இறக்கினார்கள். கல்யாணச் சீராக வந்த ஜோடி வெண்கலக் கிண்ணத்தில் பெரியது அவனுடையது, சிறியது அவளுடையது. பெரியதைக் கட்டி இறக்கினார்கள். கயிற்றைப் பிடித்தவன் ஹக்சுவின் சிநேகிதன் சில்சொங். பாதி இழுக்கும்போது துணிக்கயிறு அறுந்துபோயிற்று. நீரோட்டத்தின் இழுப்பு அப்படி. அவன் மேல் ஒரு பிழையும் இல்லை. கிண்ணம் போனது போனதுதான். வேறு கிண்ணத்தில் செய்யலாமே என்று ஊரார் கேட்டதற்குப் பூசாரியம்மா, "அடுத்தவன் கிண்ணத்துல அவன் எப்படி ஏறுவான்?" என்று மேளத்தை மூட்டை கட்டிவிட்டாள்.

அன்றிலிருந்துதான் கதவு திறந்தே கிடக்கிறது. கூட்டி வர ஆளில்லாவிட்டாலும், தானாக வந்தால் கதவு சாத்தியிருக்கக் கூடாதல்லவா? இதைப் பைத்தியக்காரத்தனம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவள் மற்ற எல்லாக் காரியத்திலும் படு சமர்த்து. சிப்பி உடைத்தாள், இறால் உப்பு போட்டாள், கடற்பாசி காய வைத்தாள், கூரையைத் தானே ஏறி மாற்றினாள். ஒருத்தரிடம் கைநீட்டியதில்லை.

சில்சொங் ஒரே ஒரு தடவை கேட்டான். அப்போது அவனுக்கும் நாற்பது தாண்டியிருந்தது. விறகு கொண்டுவந்து இறக்கிவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்துத் திருகிக்கொண்டு, "ரெண்டு பேரும் தனித்தனியா ஒலை வைக்கிறோம். ஒண்ணா வெச்சா விறகு மிச்சம்" என்றான். கல்யாணம் கேட்கிற லட்சணம் அது.

போங்னிம் சிரிக்கவில்லை. "வீட்டு மனுஷன் இன்னும் வந்து சேரலே. அவரு வராம நான் எப்படி இந்தக் கதவைச் சாத்தறது?" என்றாள்.

அவன் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. விறகு மட்டும் தவறாமல் வந்தது. அவள் சாப்பாடு போடுவாள். அவன் முற்றத்துப் பலகையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். வாசற்படியைத் தாண்டியதில்லை.

இப்படி இருக்கையில்தான் காக்கைப் பாறைக்கு அடியில் கப்பல் இருக்கிறது என்று தெரியவந்தது. யாரோ வலையில் பச்சை நிறப் பீங்கான் கிண்ணம் ஏறி வந்தது, தலைநகரத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள், முழுகிப் பார்த்தார்கள். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் சீனத்திலிருந்து ஜப்பானுக்குச் சரக்கு ஏற்றிப்போன கப்பலாம். அதே பாறை, அதே நீரோட்டம். அந்தப் பாறைக்கு யாராயிருந்தால் என்ன? பெரிய மிதவை மேடையைக் கொண்டுவந்து அங்கேயே நங்கூரம் போட்டார்கள். ஆளும் சாமானும் ஏற்றி இறக்கச் சில்சொங்கின் படகை அமர்த்தினார்கள். சமைக்க ஆள் வேண்டும் என்றபோது, முப்பது வருஷமாகப் படகில் கால் வைக்காத போங்னிம் கத்தி, கரண்டி, கிம்ச்சி ஊறுகாய் ஜாடியோடு துறையில் முதல் ஆளாக வந்து நின்றாள்.

"என்ன திடீர்னு?" என்றான் சில்சொங்.

"கூலி நல்லா இருக்காமே" என்றாள்.

அவன் வேறெதுவும் கேட்காமல் கையைப் பிடித்து ஏற்றிவிட்டான். மேடை எந்த இடத்துக்கு மேலே நிற்கிறது என்று அவனுக்குத் தெரியாதா?

அந்தக் கடலில் அகழாய்வு என்பது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட வேலை. தண்ணீர் அரிசி களைந்த கழுநீராட்டம் இருக்கும். நீட்டிய கை தெரியாது. கடல் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே நீரோட்டம் சற்று மூச்சுவிடும் நேரத்தில்தான் முழுக முடியும். அதுவும் மாதத்தில் நீரிழுப்பு குறைந்த நாட்களில்தான். முழுகிகள் இடுப்பில் காற்றுக்குழாயோடு இறங்கி, கயிறு கட்டிப் பிரித்த கட்டங்களுக்குள் தவழ்ந்து, சேற்றை உறிஞ்சுகுழாயால் இழுத்துவிட்டு விரலால் தடவித் தடவிப் பார்ப்பார்கள். பீங்கான் தட்டுகள் அடுக்கு குலையாமல் வரும். செப்புக்காசுகள் கட்டி கட்டியாக வரும். அவற்றோடு சோஜூ சாராய பாட்டில், டயர், அறுந்த வலை எல்லாமும் வரும். முன்னது மெத்தை போட்ட பெட்டிக்குப் போகும், பின்னது மேடை மூலையில் குப்பையாகக் குவியும்.

தலைமை பார்த்தவர் பியோ. மெலிந்த மனுஷர். ஒரு துண்டு ஓடானாலும் எந்தக் கட்டத்தில் எடுத்தது என்று சொல்லாமல் கொண்டுவந்தால் சாமி வந்தவர்போல ஆடுவார். ஆனால் வேலை தொடங்குகிற அன்று மேடை மேல் பன்றித்தலை வைத்து, கள் ஊற்றி, கடலுக்கு முதலில் விழுந்து கும்பிட்டவரும் அவர்தான். அந்தப் பன்றித்தலையை உதடு சிரித்த மாதிரி வரும்படி வேகவைத்தது போங்னிம்.

முழுகிகளில் தேஉங் என்று ஒருவன். முப்பத்தைந்து வயது இருக்கும், நாக்கு நீளம். போங்னிம் தன் சின்ன வெண்கலக் கிண்ணத்தை மேடைக்கும் கொண்டுவந்து அதில்தான் சாப்பிடுவாள். அதைப் பார்த்து அவன், "பெரியம்மா, அதை ஒளிச்சு வெச்சுச் சாப்பிடுங்க. பியோ சார் கண்ணுல பட்டா நம்பர் போட்டுப் பெட்டியில வெச்சிடுவாரு" என்பான்.

"ஒன்னையும் சேத்து வைக்கச் சொல்றேன். ஒன் ஜோக்கும் எழுநூறு வருஷத்துதுதான்" என்பாள் அவள்.

ஒரு நாள் கப்பலின் சமையல் இடம் அகப்பட்டது. கரி பிடித்த செங்கல் அடுப்பு, இரும்புக் கொப்பரை, கரண்டி. கொப்பரைக்கு அடியில் ஒரு மனிதக் கால் எலும்பு. பியோ அதைக் கழுவித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து, பக்கத்தில் ஒரு கோப்பை கள் ஊற்றி வைத்தார்.

"யாரு சார் இவரு?" என்று கேட்டாள் போங்னிம்.

"தெரியலைக்கா. சமையக்காரரா இருந்திருக்கலாம்."

"அவரு வீட்டுல யாருக்கும் தெரிஞ்சிருக்காதே, எங்க போனாருன்னு."

"தெரிஞ்சிருக்காதுக்கா" என்றார் பியோ. அன்றிலிருந்து அவள் சோறு வடித்ததும் முதல் கரண்டியைக் கடலில் போட்டாள். சமையற்காரருக்கு என்று சொல்லிக்கொண்டாள். பக்கத்திலேயே இன்னொருத்தரும் இருக்கிறாரே, அவருக்கும் சேர்த்துத்தான்.

இலையுதிர் காலத்தில், நீரிழுப்புக் குறைவான நாட்களின் கடைசி நாள். காலை முழுக்கில் தேஉங் கொண்டுவந்த கூடையில் சேறு அப்பிய உருண்டை ஒன்று இருந்தது. குழாய்த் தண்ணீர் பட்டதும் அழுகாத பழந்துணி தெரிந்தது. துணிக்குள் வெண்கலம். பியோவின் முகம் மலர்ந்தது. கிழிந்த இடத்தில் அடிப்பக்கத்தைப் பார்த்ததும் வாடியது. இந்தக் காலத்துப் பட்டறை முத்திரை.

"குப்பையா சார்?" என்றான் தேஉங்.

"இரு. கட்டி வெச்சிருக்கு பாரு." அவர் குரல் மாறிவிட்டது. போன வருஷம் திருட்டு முழுகிகள் சின்னச் சின்னச் சாமான்களை இப்படித்தான் பொதிந்து, அடியிலேயே பதுக்கி வைத்துவிட்டுப் பிறகு வந்து எடுத்தார்கள். அதனால் கட்டி வைத்த எதுவானாலும் பிரித்துப் பார்க்காமல் மேடையை விட்டுப் போகக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். "திற."

தேஉங் கத்தியை எடுத்து முடிச்சில் வைத்தான்.

போங்னிம் வெங்காயத்தாள் அரிந்துகொண்டிருந்தாள். எதேச்சையாகத் திரும்பியவள் கண்ணில் முதலில் பட்டது முடிச்சு. நாலு மூலையையும் இரண்டு இரண்டாகக் கோத்த முடிச்சு. அப்படி முடிகிற கை அந்தத் தீவில் ஒன்றுதான் இருந்தது, பூசாரியம்மாவுடையது. அதுவும் மண்ணுக்குள் போய்ப் பல வருஷமாயிற்று. அவள் எப்படி வந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. வந்து கிண்ணத்தின் மேல் கவிழ்ந்துவிட்டாள்.

"கத்தியை எடு."

"பெரியம்மா, தள்ளுங்க, கையில படும்."

"எடுன்னு சொன்னேன்."

தேஉங் கத்தியைக் கீழே வைத்துவிட்டான். அவள் எழுந்துபோய்த் தன் கிண்ணத்தை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள். அடியில் அதே முத்திரை. ஒன்று பெரியது, ஒன்று சிறியது. ஒன்று கறுத்திருந்தது, மற்றது தினமும் துலக்கிப் பளபளத்தது. மேடையை ஒட்டிப் படகைக் கட்டிக்கொண்டிருந்த சில்சொங் ஏறி வந்தான். பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான். மேடையில் யாரும் அவன் தலையைப் பார்த்ததில்லை. முழுக்க வெள்ளை.

"ஹக்சு கிண்ணம் சார் அது. நான்தான் எறக்கினேன்" என்றான்.

மேற்கொண்டு அவன்தான் விவரம் சொன்னான். பியோ குந்தி உட்கார்ந்து கேட்டார். கேட்டுவிட்டு நெற்றியைத் தடவிக்கொண்டார். "எனக்குப் புரியுதுக்கா. ஆனா பிரிச்சுப் பாக்காம கரைக்கு அனுப்பினேன்னா, நாளைக்கு இன்னொருத்தன் இதே கதையோட வருவான். நான் என்ன பதில் சொல்ல?"

"பிரிக்க வேணாம்னு நான் சொல்லலே சார். தண்ணி மேல பிரிக்க வேணாம்னு சொல்றேன். இங்க தொறந்தா திரும்ப எறங்கிடுவாரு. அப்புறம் எறக்க எங்கிட்ட வேற கிண்ணம் இல்லே." அவள் கெஞ்சவில்லை. "எழுநூறு வருஷத்து ஆளுங்களுக்காக நீங்க பன்னித்தலை முன்னாடி விழுந்து கும்பிட்டீங்க. என் ஆளு போயி முப்பது வருஷந்தான் சார் ஆச்சு."

பியோ கடலைப் பார்த்தார். மத்தியான முழுக்கு ஒன்று பாக்கி. அதை விட்டால் ஒரு வாரத்துக்கு நீரோட்டம் இறங்க விடாது. மிச்சமிருக்கிற கட்டத்தைச் சேறு மூடிவிடும்.

"நானும் வர்றேன். உங்க வாசல்ல, என் கண்ணு முன்னாடி தொறங்க. அது போதும்" என்றார்.

"அப்போ மத்தியான முழுக்கு, சார்?" என்றான் தேஉங்.

"கப்பல் எழுநூறு வருஷமா அங்கதான் கெடக்கு. எங்க ஓடிடப் போகுது? நீயும் கெளம்பு. கத்தி வேணாம், மெல்லிசுக் கரண்டி எடுத்துக்க. அந்தச் சின்னச் சல்லடையும்."

சில்சொங் இன்ஜினை அடக்கி ஓட்டினான். போங்னிம் கிண்ணத்தை மடியில் சாயாமல் வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளிடம் பேசுகிற மாதிரி தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே வந்தாள். கூட்டி வரும்போது வழி சொல்லிக்கொண்டு வர வேண்டும், இல்லாவிட்டால் வருகிறவர் திகைத்து நின்றுவிடுவார். "பாறை தாண்டியாச்சு. இனிமே பயமில்லே. இது புதுத் துறைங்க, நீங்க பாத்ததில்லே, சிமெண்ட்டு, வழுக்கும், பாத்து வாங்க. பழைய உப்புக் கொட்டாய் இல்லே, அதுதான் இப்ப கடை. மேடு ஏறணும். நம்ம பேரிக்கா மரம் பட்டுப்போச்சு. வேலிய நான்தான் மாத்தினேன். வந்தாச்சு. படி இருக்கு, தலையக் குனிஞ்சுக்குங்க." தேஉங் கரண்டியும் சல்லடையுமாகப் பின்னால் வந்தான்.

வாசலிலிருந்து அறைவரைக்கும் அவள் வெள்ளைத் துணி விரித்தாள். பெட்டியில் முப்பது வருஷமாக மடித்து வைத்திருந்த துணி. பூசாரியம்மா இல்லை, மேளம் இல்லை. இருக்கிறதைக் கொண்டு செய்ய வேண்டியதுதான். முடிச்சை அவளே அவிழ்த்தாள். முன்பு கத்தி எடுத்த அவசரத்துக்குப் பிராயச்சித்தம்போல, தேஉங் மூடியை நூலிழை நூலிழையாகக் களிம்பு நீக்கிக் கழற்றினான்.

உள்ளே சாம்பல் நிறச் சேறு. அரிசியின் அடையாளமே இல்லை.

பியோ எட்டிப் பார்த்தார். "எங்க சாமான் எதுவுமில்லே" என்றார். அவர் வேலை அத்தோடு முடிந்தது, எழுந்து போயிருக்கலாம். ஆனால் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "ஒரு வாளி நல்ல தண்ணி குடுங்கக்கா" என்று உட்கார்ந்துவிட்டார். கப்பல் சேற்றில் மிளகு ஒன்று விட்டுப்போகாமல் எப்படிச் சலிப்பாரோ, அப்படியே இந்தச் சேற்றையும் கரண்டி கரண்டியாகச் சல்லடையில் போட்டு, மெல்லத் தண்ணீர் விட்டுச் சலித்தார். போங்னிம் அவர் எதிரே மண்டியிட்டு ஒவ்வொரு சல்லடையையும் பார்த்தாள். பொடிச் சிப்பி வந்தது. மணல் வந்தது. நண்டின் ஒரு நகம் வந்தது. மயிரிழை வரவில்லை.

கிண்ணம் காலியாகிக்கொண்டு வந்தது. அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. கிண்ணம் தொலைந்திருந்தவரை ஒரு நம்பிக்கை இருந்தது, கிண்ணத்தோடு அவனும் எங்கோ அகப்படாமல் இருக்கிறான் என்று. இப்போது கிண்ணம் வந்து, அதில் அவன் இல்லை என்றால், அவள் இனி எதற்குக் கதவைத் திறந்து வைப்பாள்? எதற்கு மூடுவாள்?

கடைசிக் கரண்டிச் சேறு சல்லடையில் விழுந்தது. வெள்ளைத் துணிக்கு வெளியே நின்றிருந்த சில்சொங் அப்போதுதான் கிட்டே வந்து குனிந்தான். குனியும்போது காதோரம் சொறிந்துகொண்ட மாதிரி இருந்தது. கையைச் சல்லடைக்குள் விட்டுத் துழாவினான். பிறகு கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து மெல்லத் தூக்கினான்.

"இதோ இருக்கு" என்றான். "இருக்கு போங்னிம். வந்துட்டான்."

ஒரு மயிரிழை. சேறு வழிந்ததும் நிறம் தெரிந்தது. வெள்ளை.

தேஉங் வாய் திறந்தான். பியோ அவன் முழங்காலில் கை வைத்து அழுத்தினார். துண்டு ஓட்டுக்கு இடம் பிசகினாலும் ஆடித் தீர்க்கிற மனுஷர், சில்சொங்கின் தலையைப் பார்த்தார், சல்லடையைப் பார்த்தார், "சல்லடையிலேர்ந்துதான் எடுத்தாரு. நான் பாத்தேன்" என்றார்.

போங்னிம் மயிரை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். ஹக்சு போகும்போது அவனுக்கு முப்பது நிறையவில்லை. தலை கருகருவென்று இருக்கும். சீப்பு உடைகிற அடர்த்தி. அவளுக்கா தெரியாது? யாருடைய மயிர் அது என்றும் தெரியும். வருஷக்கணக்காக முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனவனுடையது. கையில் அறுந்த கயிற்றை அவனும்தான் இத்தனை காலம் இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறான். அவள் சில்சொங்கை நிமிர்ந்து பார்த்தாள். அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

"அவருக்கும் நரைச்சிடுச்சு" என்றாள்.

மயிரில் ஒட்டியிருந்த சேற்றை விரலால் துடைத்தாள்.

"நரைக்காம என்ன செய்யும்? நாம எல்லாம் நரைச்சாச்சு. அவரு மட்டும் அப்படியேவா இருப்பாரு." அவள் சொல்லும்போதே கண்ணீர் வழிந்தது. முப்பது வருஷத்து அழுகை அது. முகத்தைத் துடைக்காமல் உட்கார்ந்து நிதானமாக அழுது முடித்தாள்.

பிறகு எழுந்து, மயிரைத் துணியில் முடிந்து ஹக்சுவின் படத்துக்குக் கீழே வைத்தாள். பெரிய கிண்ணத்தைச் சாம்பல் போட்டுத் துலக்கி, சுடச்சுடச் சோறு வைத்து அதையும் படத்தடியில் வைத்தாள். பியோவுக்கும் தேஉங்குக்கும் சாப்பாடு போட்டாள். அவர்கள் சீக்கிரம் சாப்பிட்டு, வேறு படகு பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

அந்தி சாய்ந்திருந்தது. கடற்காற்று நேரே வீட்டுக்குள் வந்தது. சில்சொங் வழக்கம்போல முற்றத்துப் பலகையில் உட்கார்ந்து தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தான். போங்னிம் அவன் தட்டை எடுத்து வந்தாள். பலகையில் வைக்கவில்லை. திரும்ப உள்ளே கொண்டுபோய்த் தன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அங்கிருந்தே சொன்னாள்.

"குளுருது. உள்ள வந்து கதவைச் சாத்துங்க."